ஆசிரியர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்

கருங்குழியில் பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, வீட்டின் முன்னறையைத் தடுத்து, கண்ணகி எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். கணவன் ஜெயக்குமார் லாரி ஓட்டுபவன். மாதத்தில் பாதி நாள் ஆந்திராவிலோ மகாராஷ்டிராவிலோ இருப்பான். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போய்விட்டால், காலை ஒன்பது மணியிலிருந்து அவளுக்குத் துணை அந்தக் கண்ணாடிக் கூண்டும், மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களும், ஊரார் குரல்களும்தான்.

கூண்டுக்குக் கதவு இருந்தது. இருந்தும் பயனில்லை. தூரம் கூடக் கூடக் குரலையும் கூட்ட வேண்டும் என்று எல்லோரும் நம்பினார்கள். மதுராந்தகத்துக்குப் பேசுகிறவர் சாதாரணமாகப் பேசுவார். சூரத்துக்குப் பேசுகிறவரின் பேச்சு எதிர் டீக்கடையில் வடை தின்கிறவனுக்கும் கேட்கும். காதில் விழாமலிருக்கக் கண்ணகி ரேடியோ வைத்துப் பார்த்தாள். பேச வந்தவர்கள் ரேடியோவை நிறுத்தச் சொன்னார்கள்.

ஒரு பக்கத்துப் பேச்சு மட்டும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தால் மனம் சும்மா இருக்காது. "அப்டியா? எப்போ?" என்று ஒருவர் கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால், மறுமுனையில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை அது தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும். 1995 மழைக்காலத்தில், லைன் செத்துப்போய் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு வாரத்தில், கண்ணகி அதையெல்லாம் நோட்டில் எழுத ஆரம்பித்தாள். இடது பக்கத்தில் கேட்டது. வலது பக்கத்தில் கேட்காதது. ஒரு வருடத்துக்குள் மூன்று நோட்டு நிறைந்துவிட்டது. இப்படி எழுதுவதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாது.

பெயர் சொன்னது ஒரு நோட்டீஸ். 1997 ஜனவரியில் பஸ்ஸுக்குக் காத்திருந்த யாரோ இருவர் அவளிடம் கேட்டுக்கொண்டு பூத் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். 'அரிச்சுவடி அரங்கம், செங்கல்பட்டு. இதுவரை எவரும் மேடையேற்றாத நாடகங்களை மட்டுமே நாங்கள் போடுகிறோம். எழுதியிருப்பவர்கள் அனுப்புங்கள். முன்பின் எழுதிப் பழக்கமில்லாதவர் என்றால் அவசியம் அனுப்புங்கள். கடைசிப் பக்கம்வரை படிப்போம். பதில் எழுதுவோம்.'

ஒரு மாதம் அந்தக் காகிதத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பிறகு, நோட்டுகளிலிருந்து ஐந்து போன் பேச்சுகளை எடுத்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அழகாக எழுதி, 'லைன் கெடைக்கல' என்று தலைப்பிட்டு, மதுராந்தகம் போய் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினாள். ஜெயக்குமாரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான் என்பதல்ல; என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. நான்கு பக்கம், கையெழுத்தில். கீழே 'வசுமதி' என்று இருந்தது. பாராட்டு என்று பார்த்தால் முதல் இரண்டு வரிதான். மீதியெல்லாம் கேள்விகள். அதில் ஒரு கேள்வி: 'மூன்றாம் காட்சியில் அந்தப் பெரியவர் போனை வைத்த பிறகு எவ்வளவு நேரம் கூண்டுக்குள்ளேயே நிற்கிறார்? நீங்கள் எழுதவில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.'

கண்ணகிக்குத் தெரியும். அடுத்த ஆள் வந்து கதவைத் தட்டும்வரை நிற்பார். அந்தக் கடிதத்தை அன்று எத்தனை தடவை படித்தாள் என்பதற்குக் கணக்கில்லை. தான் எழுதியதை ஒருத்தி இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறாள் என்பது அவளுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூத்தைப் பக்கத்து வீட்டாரிடம் விட்டுவிட்டுச் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினாள்.

அரிச்சுவடி அரங்கம் ரயில் நிலையத்துக்குப் பின்புறம், ஒரு காலத்தில் உரக் கிடங்காக இருந்த கட்டடத்தில் இருந்தது. ஈரம் பட்டால் சுவரில் இன்னும் யூரியா வாசனை அடிக்கும். நூற்றிருபது பேர் உட்காரலாம்; எல்லாம் மரப் பெஞ்சுகள். எக்ஸ்பிரஸ் ரயில் போகும்போது ஒரு வார்த்தையும் காதில் விழாது. நடிகர்கள் இருந்த இடத்தில் இருந்தபடி நிற்பார்கள். ரயில் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். அங்கே வழக்கமாக வருகிறவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

வசுமதிக்கும் கண்ணகிக்கும் ஏறக்குறைய ஒரே வயது, முப்பத்தாறு, முப்பத்தேழு. வசுமதி கோவில்பட்டிக்காரி, கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் வேலை. ஆறு வருடங்களுக்கு முன்பு அவளும் நண்பர்கள் நான்கு பேரும் சேர்ந்து அந்தக் கிடங்கை வாடகைக்குப் பிடித்தார்கள். கூட்டம் வருமே என்று புராண நாடகம் போடச் சொன்னவர்கள் உண்டு. ஏற்கெனவே பெயரெடுத்த நாடகங்களைப் போடச் சொன்னவர்கள் இன்னும் அதிகம். அதெல்லாம் போட ஊரில் ஆள் இருக்கிறது, இன்னும் எழுதாத நாடகத்துக்குத்தான் இடம் இல்லை என்பாள் வசுமதி. இதுவரை இருபத்திரண்டு நாடகம் போட்டிருந்தார்கள், ஒவ்வொன்றையும் ஐந்து வாரம், சனியும் ஞாயிறும். எழுதியவர்களில் திருக்கழுக்குன்றத்துப் பூக்காரி ஒருத்தி, ஒரு வெல்டர், ஒரு நர்ஸ், ரிட்டயரான சர்வேயர் ஒருவர். சுவர் முழுக்க ஒவ்வொரு நாடகத்தின் கையெழுத்துப் பிரதியிலிருந்தும் முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். எடுபடாமல் போன நாடகங்களும் அதே வரிசையில்தான் இருந்தன. ஒன்றின் கீழே, 'பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். ஐந்து வாரமும் நடந்தது' என்று எழுதியிருந்தது.

வாசல் பலகையில் எழுதியவர் பெயர் பெரிய எழுத்தில், நடிகர்கள் பெயர் சின்ன எழுத்தில். கண்ணகி அதைக் கவனித்தாள்.

அங்கே ஒரு முறை வைத்திருந்தார்கள். நாடகத்தை எடுப்பது என்று முடிவானால் முதலில் எழுதியவரை உட்காரவைத்து, நடிகர்கள் வட்டமாக அமர்ந்து முழுவதையும் படித்துக் காட்டுவார்கள். முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. மூன்றாம் காட்சியின் பெரியவராகப் படித்தவர் ஆபிரகாம். செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர், கணீரென்ற குரல். அவர் நோட்டில் 'கீது' என்று இருந்ததை 'இருக்கிறது' என்று படித்தார். 'வூடு' 'வீடு' ஆயிற்று. கண்ணகிக்குத் தன் நோட்டை யாரோ சலவைக்குப் போட்டு எடுத்துவந்த மாதிரி இருந்தது. ஆனால் பேசக் கூடாதே.

வசுமதி நிறுத்தினாள். "ஆபிரகாம், எழுதியிருக்கறதப் படிங்க."

கல்பாக்கத்திலிருந்து ஆபீசர் குடும்பங்கள் எல்லாம் வருவார்கள், இப்படிப் பேசினால் சிரிப்பார்களே என்று ஆபிரகாம் தயங்கினார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

"சிரிச்சா சிரிக்கட்டும். ரெண்டு நிமிஷத்துல நிறுத்திருவாங்க. இந்த ஆளு இப்படித்தான் பேசுவார்னு இவங்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. அதனாலதான இவங்க எழுதியிருக்காங்க, நாம படிக்கறோம்."

ஆபிரகாம் முதலிலிருந்து படித்தார். இரண்டு இடத்தில் தடுமாறி, கண்ணகியைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, மறுபடி படித்தார். அந்தக் காட்சி முடிந்தபோது அறையில் யாரும் பக்கத்தைப் புரட்டவில்லை.

அந்தக் காட்சி இதுதான். ஒரு விவசாயி வாரம் ஒருமுறை பக்கத்து ஊர் பூத்துக்கு வந்து, சொந்த இஷ்டத்தில் கல்யாணம் செய்துகொண்டு புனாவுக்குப் போய்விட்ட மகளோடு பேசுகிறார். அந்த வீட்டில் யாரும் இனி அவளோடு பேசக் கூடாது என்று சொந்தபந்தங்கள் முன்னால் சத்தியம் வாங்கியவர் அவரே. மனைவியும் அதை மீறவில்லை. மீறியது அவர் மட்டும்தான், அதுவும் மனைவிக்குத் தெரியாமல். போனில் பெரிதாக ஒன்றும் பேசமாட்டார். மாடு கன்று போட்டது, கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தது, மழை இல்லை. கடைசியில் ஒருநாள், "வூட்டுக்கு வந்துடு" என்று சொல்லிவிடுகிறார்.

படிப்பு முடிந்து டீ வந்ததும் வசுமதி கண்ணகியைத் தனியாக அழைத்துக்கொண்டு போனாள். மூன்றாம் காட்சியில் இருப்பவர் நிஜமான ஆளா என்று கேட்டாள். கண்ணகி ஆமாம் என்றாள். பெயர் திருவேங்கடம், படாளத்துக்காரர். செவ்வாய்க்கிழமை மதுராந்தகம் ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டு, திரும்பும் வழியில் கருங்குழியில் இறங்கிப் பேசிவிட்டுப் போவார்.

"அவருக்குத் தெரியுமா?"

கண்ணகி தலையை ஆட்டினாள், இல்லையென்று.

வசுமதி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னது கண்ணகிக்குக் கடைசிவரை மறக்கவில்லை. "நாடகம் உங்களுது. நீங்க சொல்லாம ஒரு வரியும் மாத்த மாட்டோம், வெட்டவும் மாட்டோம். ஆனா படாளத்துலேர்ந்து இங்க வர அரை மணி நேரம். யாராவது ஒருத்தர் கண்டுபிடிச்சிருவாங்க. அதுக்கு முன்னாடி அவர்ட்ட நீங்களே சொல்லிருங்க."

"வேணான்னுட்டார்னா?"

"அப்ப வேற எழுதுங்க. நாங்க காத்திருக்கோம்."

ஏப்ரல் முதல் சனிக்கிழமை நாடகம் என்று முடிவாகியிருந்தது. கண்ணகி இரண்டு செவ்வாய்க்கிழமை சொல்ல வாய் வராமல் விட்டுவிட்டாள். அவர் வந்தார், பேசினார், நின்றார், போனார். மூன்றாவது செவ்வாய்க்கிழமை, அவர் நம்பர் எழுதிய சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கும்போது சொல்லிவிட்டாள். நோட்டு, நாடகம், செங்கல்பட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். திருவேங்கடம் கடைசிவரை கேட்டார். கோபப்படவில்லை. சீட்டை மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டு, போன் பேசாமலேயே படி இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

லோடு முடிந்து வீட்டுக்கு வந்திருந்த ஜெயக்குமாரிடம் கண்ணகி அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நோட்டை வாங்கி இரண்டு பக்கம் படித்தான். நன்றாகத்தான் இருக்கிறது என்றான். பிறகு, "பேச வர்றவன் உன்ன நம்பித்தானே உள்ள போறான். காதுல வுழுந்தா வுழுவட்டும். அத்த எடுத்து எழுதிக்கினா அந்த ஆளு இன்னாதான் பண்ணுவான்?" என்றான். அவன் திட்டுகிற தொனியில் சொல்லியிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள்.

அந்த மனிதருக்கு மகளோடு பேச இருந்த ஒரே இடத்தைத் தான் கெடுத்துவிட்டோம் என்பதுதான் கண்ணகியை அரித்தது. படாளத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால், எதற்கு வந்தாள் என்று மனைவி கேட்பாள். கேட்டால் ரகசியம் அவிழ்ந்துவிடும். செய்வதற்கு ஒன்றுமில்லை. வசுமதிக்குக் கடிதம் எழுதினாள். நாடகத்தை விட்டுவிடுங்கள், நோட்டைத் திருப்பி அனுப்புங்கள் என்று.

நோட்டு வரவில்லை. வசுமதியே வந்தாள், வியாழக்கிழமை வேலை முடிந்து, கல்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து. அவள் சமாதானம் சொல்லவில்லை. மூன்றாம் காட்சியை எடுத்துவிடுவது சரி என்றாள். நீங்கள் செய்தது தப்பு என்றால் தப்புதான், ஆனால் அதனால் நாடகம் மோசமானதாகிவிடாது என்றாள். மூன்றாம் காட்சி இல்லாமல் மற்ற நான்கும் நிற்காது என்று கண்ணகி சொன்னதற்கு, அது எனக்கும் தெரியும், அதனால்தான் தேதியைத் தள்ளிவைக்கப்போகிறோம் என்றாள். எதுவரை என்று கண்ணகி கேட்டாள்.

"நீங்க எழுதி முடிக்கற வரைக்கும்."

ஏப்ரல் முதல் சனிக்கிழமை கண்ணகி மனசு கேட்காமல் செங்கல்பட்டுக்குப் போனாள். வாசல் பலகையில் நாடகத்தின் பெயரும் அவள் பெயரும் அப்படியே பெரிய எழுத்தில் இருந்தன. அதன் கீழே ஒரு அட்டை தொங்கியது: 'ஆசிரியர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.' வசுமதி படியில் நின்று, விவரம் தெரியாமல் வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கல்பாக்கத்திலிருந்து குழந்தைகளோடு வந்த ஒருவர், முடிக்காத நாடகத்துக்கு எதற்கு நோட்டீஸ் அடித்தீர்கள் என்று சத்தம் போட்டார். வசுமதி மன்னிப்புக் கேட்டாள். ஆனால் எழுதியவர் இழுத்தடிக்கிறார் என்றோ, எங்கள் கையில் இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூரத்தில், சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்று கண்ணகி இதையெல்லாம் பார்த்தாள். கிட்டே போகவில்லை. போனால் அழுதுவிடுவோம் என்று நினைத்து அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

பதின்மூன்று நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்குத் திருவேங்கடம் வந்தார். செவ்வாய்க்கிழமை இல்லாத நாளில் அவரைப் பார்த்ததும் கண்ணகி எழுந்து நின்றுவிட்டாள். அவர் கூண்டுக்குள் போகவில்லை. வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார்.

"இன்னா எழுதன? படிச்சிக் காட்டு."

கண்ணகி படித்தாள். இரண்டு குரலும் அவளே. நடுவில் ஒருவர் போன் பேச வந்தார். லைன் இல்லை என்று பொய் சொல்லி அனுப்பினாள். மாடு கன்று போட்ட இடத்தில் திருவேங்கடம் லேசாகத் தலையசைத்தார். மகளின் பேச்சு வரும் இடங்களிலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். கடைசி வரி வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

"இத்த நான் சொல்லல."

"இல்ல பெரிப்பா. நீங்க சொல்லணும்னு நெனச்சிகினு இருக்கறா மாரி எனக்குப் பட்டுது. அதான் எழுதிட்டேன்."

"நெனச்சது மெய்தான். ஆனா சொல்லலியே. சொல்ல வரலன்னுதானே வாரா வாரம் வந்து நிக்கறேன்? சொல்லிட்டா அப்பறம் இன்னாத்துக்கு வரப்போறேன்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். சாலையில் இரண்டு பஸ் போயிற்று. பிறகு தன் முடிவைச் சொன்னார், நிலத்து விவகாரம் பேசுகிற மாதிரி நிதானமாக. மாட்டை மாற்றிவிடு. கரும்பை மாற்றிவிடு. ஊரை மாற்றிவிடு. என் சாயல் ஒன்றும் இருக்கக் கூடாது. மற்றபடி நாடகம் போட்டுக்கொள். ஆனால் அந்த நாடகத்து ஆளும் கடைசிவரை அதைச் சொல்லக் கூடாது.

"அவன் சொல்லிட்டான்னா, பாக்கறவன் எல்லாம் சந்தோசமா எழுந்து வூட்டுக்குப் போய்டுவான்," என்றார். "என்னால போவ முடியலியேம்மா."

அதற்குப் பிறகு சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். கண்ணகி நம்பரைப் போட்டுக் கொடுத்துவிட்டு, வெளியே போய் வெயிலில் நின்றாள்.

திருவேங்கடம் சொன்னதை வசுமதியிடம் சொன்னபோது அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாலு பக்கம் கேள்வி எழுதினேன், இந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லையே என்றாள். அப்புறம், கரும்புக்குப் பதில் என்ன என்று இருவரும் யோசித்தார்கள். வசுமதியின் குடியிருப்புக்கு அந்தப்புறம் சதுரங்கப்பட்டினம். அங்கிருந்து மாமல்லபுரம்வரை கரையெல்லாம் மீன்பிடிக்கிற குப்பங்கள். பெரியவரைக் கடல்காரராக்கிவிடலாம் என்றாள் கண்ணகி. ஆனால் கடல்காரர் மகளிடம் என்ன பேசுவார் என்று அவளுக்குத் தெரியாது. கருங்குழிக்காரிக்குக் கடல் என்றால் காணும் பொங்கலுக்குப் போய்ப் பார்க்கும் இடம்.

மே மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் கரைக்குப் போனாள். அமிர்தவல்லி என்ற மீன்காரப் பெண்மணியோடு படகு வரும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை முதலிலேயே சொல்லிவிட்டாள், நான் நாடகம் எழுதுகிறேன், நீங்கள் பேசுவதைக் கேட்டு எழுதிக்கொள்ளலாமா என்று. அமிர்தவல்லி, எழுதிக்கொள், ஆனால் என் மீன் விலையை மட்டும் எழுதாதே என்றாள். காற்று எப்போது திரும்பும், வலை எதில் கிழியும், கடலுக்குப் போகாத நாளில் ஆண்கள் கரையில் உட்கார்ந்து எதைப் பற்றிப் பேசுவார்கள் எல்லாம் அவள் சொன்னாள். அலையை விட்டுவிட்டு வலையைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள் என்றாள். வசுமதி இரண்டு ஞாயிறு கூடவே வந்தாள். நோட்டை எட்டிப் பார்க்கவில்லை, குடை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆபிரகாமும் கடற்கரைக்கு வந்து ஒரு நாள் முழுக்கக் கிழிந்த வலையைத் தைக்கப் பழகினார். விரல் நுனியெல்லாம் சிவந்துபோயிற்று.

ஜூலை முதல் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு 'லைன் கெடைக்கல' தொடங்கியது. வசுமதி தன் கையால் அட்டையைக் கழற்றினாள். அறுபது பேர் வந்திருந்தார்கள். எழுதியவரை முதல் வரிசையில் உட்காரவைப்பது அங்கே வழக்கமில்லை. கண்ணகியைச் சுவர் ஓரமாக, மேடையையும் பார்க்கிறவர்கள் முகத்தையும் சேர்த்துப் பார்க்கிற இடத்தில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ஜெயக்குமார், இஸ்திரி போட்ட சட்டையில்.

முதல் காட்சியில் 'இன்னா' வந்ததும் சிலர் சிரித்தார்கள். வசுமதி சொன்ன இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் காட்சியில் ஆபிரகாம் கூண்டுக்குள் நின்று, பாரை மீன் கிடைத்தது, வலை கிழிந்தது, காற்று சரியில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மகளின் குரல் மேடைக்குப் பின்னாலிருந்து வந்தது. 'வேற இன்னா நைனா?' என்று அது கேட்டது. அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து எக்ஸ்பிரஸ் வந்தது. கட்டடம் முழுக்க அதிர்ந்தது. ஆபிரகாம் திறந்த வாயோடு, காதில் வைத்த ரிசீவரோடு அசையாமல் நின்றார். ரயில் கடந்து போக அரை நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. சத்தம் அடங்கியது. இப்போது சொல்லிவிடுவார் என்று அறுபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வேற ஒண்ணுல்லமா. வெச்சிடறேன்," என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார். அப்படியே நின்றார். அடுத்த ஆள் வந்து கதவைத் தட்டும்வரை.

ஜெயக்குமார் கண்ணகியின் பக்கம் திரும்பவில்லை. மேடையைப் பார்த்தபடியே, "செம்மையா எழுதிகீற," என்று முணுமுணுத்தான்.

இரண்டாம் வாரம் பெஞ்சு போதவில்லை. அமிர்தவல்லி குப்பத்திலிருந்து ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஏப்ரலில் சத்தம் போட்டுவிட்டுப் போன கல்பாக்கத்துக்காரர், குழந்தைகளோடு மறுபடியும் வந்து, வசுமதியிடம் ஒன்றும் சொல்லாமல் கைகொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை திருவேங்கடம் வந்தார். தனியாக இல்லை. பக்கத்தில் மூக்குத்தியும் நூல் சேலையுமாக ஒரு அம்மாள். அவர் மனைவி சகுந்தலா. எதற்காகக் கூட்டிக்கொண்டு வந்தார், அந்த அம்மாளிடம் என்ன சொல்லியிருக்கிறார் என்று கண்ணகிக்கு ஒன்றும் புரியவில்லை. வசுமதியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். வசுமதி அவர்களுக்கு ஓரத்தில், எழுந்து வெளியே போக வசதியாக, இடம் போட்டுக் கொடுத்தாள்.

மூன்றாம் காட்சியில் மேடையில் நின்றவர் கடல்காரர். ஊர் வேறு, தொழில் வேறு, காற்று வேறு. 'உங்கம்மாவுக்குத் தெரியாது' என்று ஆபிரகாம் சொன்ன இடத்தில் சகுந்தலா மெதுவாகத் தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தார். அதன்பிறகு மேடையைப் பார்க்கவே இல்லை. காட்சி முடியும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திருவேங்கடம் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு மனைவியிடம் வேறு எப்படியும் சொல்ல வந்திருக்காது என்று கண்ணகிக்கு அப்போதுதான் விளங்கியது.

நாடகம் முடிந்து எல்லோரும் கலைகிற நேரத்தில் சகுந்தலா புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகக் கண்ணகியிடம் வந்தார். அழவில்லை. முகம் மட்டும் கல்லாக இருந்தது.

"நீதானே பூத்து வெச்சிகீற? அந்த நம்பரு உன்னாண்ட கீதா?"

கண்ணகி, இருக்கிறது என்றாள்.

"மூணு வருசம். சத்தியம்னு சொன்னாருன்னு நான் வாயத் தெறக்கல. பெத்தவ நான்." வசுமதி கொண்டுவந்த தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

செவ்வாய்க்கிழமை இருவரும் வந்தார்கள். கண்ணகி நம்பரைப் போட்டாள். மணி அடிக்கும்போது சகுந்தலா கூண்டுக்குள் போய் ரிசீவரை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். பின்னால் வந்த திருவேங்கடத்தை உள்ளே விடவில்லை. கண்ணகியும் அவரும் சாலையைக் கடந்து டீக்கடைக்குப் போனார்கள். அங்கே வரைக்கும் குரல் கேட்கும் என்று கண்ணகி பயந்தாள். ஆனால் சகுந்தலா மெதுவாகத்தான் பேசினார். கண்ணாடி வழியாக அவர் கை அசைவது மட்டும் தெரிந்தது. புனா அவ்வளவு தூரம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

மகள் துர்காதேவி அந்த வருடம் தீபாவளிக்குப் புருஷனோடு படாளத்துக்கு வந்தாள். வரச் சொன்னது யார், என்ன வார்த்தையில் சொன்னார்கள் என்பது கண்ணகிக்குத் தெரியாது. அவள் கேட்கவும் இல்லை.

கண்ணகி அதற்குப் பிறகு எட்டு வருடத்தில் நான்கு நாடகம் எழுதினாள். ஒன்று அப்படியே விழுந்துவிட்டது; அதையும் வசுமதி ஐந்து வாரம் விடாமல் போட்டாள், அதன் முதல் பக்கத்தையும் கண்ணாடி போட்டு மாட்டினாள். 2004-ல் எல்லோர் கையிலும் செல்போன் வந்து பூத்தை மூடியபோது, ஜெயக்குமார் கூண்டை எடைக்குப் போடலாம் என்றான். அரங்கத்துக்கு வேண்டுமா என்று கண்ணகி கேட்டனுப்பினாள். வேண்டாம், அதை வைத்துக்கொண்டால் எழுதுகிறவர்கள் எல்லாரும் போன் நாடகமாகவே எழுதுவார்கள் என்று வசுமதி பதில் எழுதினாள். கூடவே ஒரு கட்டு நோட்டீசும் வந்தது, கருங்குழியிலும் மதுராந்தகத்திலும் ஒட்டச் சொல்லி.